இறால் குளமும் என் மினிமமும்

போன ஞாயிறு காலை. ஊரப்பாக்கத்தில் சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மைத்துனன் செல்வத்திடமிருந்து போன்.

"மாமா, குளத்தாண்ட ஒரே கொக்கா கீது. எறாலு எல்லாம் கரையோரமா வந்து மேல மிதந்துகினு கீது. உங்க கம்ப்யூட்டரு ஒண்ணியும் சொல்லலியே?"

'ஒன்றும் சொல்லவில்லை என்றால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்' என்று சொல்ல வந்தேன். நல்லவேளை, வாயில் காபி இருந்தது. அதற்குள் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி கலா போனைப் பிடுங்கிவிட்டாள். "டேய், மொதல்ல ஏரேட்டர போடுடா! அப்புறம் பேசு!"

செல்வம் கல்பாக்கத்தைத் தாண்டி, கடலோரமாக ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்து இறால் வளர்க்கிறான். போன தடவை நோய் வந்து மொத்தமும் செத்துப்போனது. இந்தத் தடவையும் போனால் குளத்தை விட்டுவிட்டு, செங்கல்பட்டு பக்கம் ஏதாவது கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடுவதாகத் தன் அக்கா கலாவிடம் சொல்லியிருந்தான். அறுவடைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி.

இறாலுக்குத் தண்ணீரில் ஆக்ஸிஜன் வேண்டும். அது லிட்டருக்கு நாலு மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. உடனே ஏரேட்டரை – தண்ணீரை அடித்துக் கலக்கும் சக்கரத்தை – ஓட்ட வேண்டும். அதற்காகச் செல்வம் பாவம், ஆக்ஸிஜனை அளக்கும் மீட்டரைத் தூக்கிக்கொண்டு நாளெல்லாம் குளத்துக்கும் ஷெட்டுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

எனக்குப் பொறுக்குமா? நான்தான் சாஃப்ட்வேர்காரனாயிற்றே! அதிலும் ஆபீசில் அப்போதுதான் 'ரியாக்டிவ் புரோகிராமிங்' என்று ஒன்றைப் புதிதாகப் படித்திருந்தேன். நாம் போய்த் தகவலைத் தேட வேண்டாம்... தகவல் ஆறு மாதிரி தானாக ஓடி வரும். நாம் கரையில் உட்கார்ந்து என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். என்னைப் போன்ற சோம்பேறிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மீட்டரைக் குளத்தில் நிரந்தரமாக இறக்கி, ஷெட்டில் வைத்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றோடு ஒயரில் இணைத்தேன். விநாடிக்கு ஒரு எண் வந்தது. அதிலேயே சின்ன எண் எது என்று கண்டுபிடிக்க நூறு வரியெல்லாம் எழுதவில்லை. 'மினிமம்' என்று ஒரே ஒரு வார்த்தை! திரையில் பெரிய கட்டம், மேலே 'மிகக் குறைந்த ஆக்ஸிஜன்' என்று தலைப்பு. வந்துகொண்டிருக்கும் எண்களைக் காட்டவில்லை. பார்த்தால் செல்வம் குழம்பிவிடுவானாம்... என்ன ஒரு கரிசனம்!

கட்டம் காலியாகவே இருந்தது.

"இன்னா மாமா, ஒண்ணும் வர்லியே?"

"குறையலைடா. குறைஞ்சாத்தானே வரும்?" என்றேன், ஒரு துளி சந்தேகம் இல்லாமல். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை எனக்குச் சுலபத்தில் வாயில் வராது.

செல்வம் என்னை நம்பினான். நடப்பதை நிறுத்தினான். இரண்டு நாள் மேகமூட்டம், காற்றும் இல்லை. வெயில் இல்லாவிட்டால் குளத்தில் ஆக்ஸிஜன் இறங்கிக்கொண்டே போகும். சனிக்கிழமை கலா கேட்டாள்: "கட்டம் காலியாவே கீதுன்னு தம்பி சொல்றான். ஒருவாட்டி போய்ப் பாத்துட்டு வாங்களேன்." முழுசாக யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை அந்தப் போன் வந்ததும் பைக்கில் பறந்தோம்.

ஏரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. கரையோரம் கொஞ்சம் இறால் செத்துக் கிடந்தது. மற்றவை மெதுவாக அடித்தண்ணீருக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. பிழைத்தது குளம். செல்வம் முட்டி வரை சேறோடு நின்று என்னைப் பார்த்தான். நான் ஏரேட்டரைப் பார்த்தேன்.

பிறகு ஷெட்டுக்குள் போய், கோபத்தில் திரையிலிருந்த 'நிறுத்து' பட்டனை அழுத்தினான். உடனே, அதுவரை காலியாக இருந்த கட்டத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: 1.8.

"மாமா... இத்த நேத்தே சொல்லக் கூடாதா அது?"

சொல்லாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லா எண்களும் வந்து முடிந்த பிறகுதானே எது சிறியது என்று உறுதியாகச் சொல்ல முடியும்? அடுத்த விநாடியே இன்னும் சின்னது ஒன்று வந்தால்? அதனால் 'மினிமம்' கடைசி எண் வரும்வரை வாயைத் திறக்காது. உயிருள்ள குளத்தில் கடைசி எண் எப்போது வரும் என்று சொல்லத் தேவையில்லை. திருத்தி முடித்த பரீட்சை பேப்பர்களில் குறைந்த மார்க்கைத் தேட அது சரி. இறாலுக்கு வேண்டியது 'இதுவரை வந்ததில் சின்னது எது' என்பதுதான்; புது எண் வரவர ஒப்பிட்டு, அங்கேயே அப்போதே சொல்ல வேண்டும்.

அங்கேயே உட்கார்ந்து மாற்றினேன். நாலுக்குக் கீழே போனால் கத்தும்படி அலாரமும் வைத்தேன். ஓட்டியதும் ஷெட்டே அலறியது – ஆக்ஸிஜன் பூஜ்யமாம்! செல்வம் செருப்பைக்கூடப் போடாமல் குளத்துக்கு ஓடினான். குளத்துக்கு ஒன்றுமில்லை. கணக்கைப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பித்திருந்தேன். பூஜ்யத்தைவிடச் சின்ன ஆக்ஸிஜனுக்கு எங்கே போவது? முதலில் வரும் எண்ணிலிருந்து ஆரம்பிக்கும்படி திருத்தினேன். இப்போது ஒழுங்காக ஓடுகிறது. ஆனாலும் செல்வம் இன்னொரு மீட்டர் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிறான். என்மீது அவ்வளவு நம்பிக்கை.

வீடு திரும்பியதும் கலா அமைதியாகக் கேட்டாள்: "எல்லாம் முடியறவரைக்கும் கம்முனு இருந்துட்டு, அப்புறமா பதில் சொல்லுது உங்க புரோகிராம். அத்த யார பாத்து எழுதினீங்க?"

நியாயமான கேள்வி. முழுசாக யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.