வலிக்காத கை

கருவாட்டு வாசனை...

பிளஸ் ஒன் கடைசி பெஞ்சில் ஒரு வாரமாக அது இருந்தது. பழியை நான் பக்கத்தில் உட்காரும் ரியாஸின் டிபன் பாக்ஸ் மேல் போட்டிருந்தேன். வகுப்பே மூக்கைப் பொத்திக்கொண்டு அவனைப் பார்க்கும்.

ஒருநாள் அவன் பாக்ஸைத் திறந்து என் முன்னால் வைத்தான். தயிர்சோறு.

"மச்சான், இந்த வாரம் நான் கருவாடே எடுத்தாரல. நாத்தம் உன் சட்டையிலேர்ந்து வருதுடா."

சிரித்துக்கொண்டே முழுக்கைச் சட்டையைச் சுருட்டினேன். மேல்கையில் ஆபரேஷன் தழும்போரம் பொட்டு அளவு ஓட்டை. அதிலிருந்து சீழ்...

அதற்கு எட்டு மாதம் முன்பு, குறிஞ்சிப்பாடி ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து இடது மேல்கை எலும்பு முறிந்திருந்தது. உள்ளே பிளேட் வைத்தார்கள். "வலியே இல்லம்மா" என்று சொல்லிச் சொல்லி செக்கப்பைத் தட்டிக் கழித்தேன். நிஜமாகவே வலி இல்லை. போதாக்குறைக்கு ஒரு வித்தையும் கிடைத்தது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், மூட்டே இல்லாத இடத்தில் கை மடங்கும். அதைக் காட்டினால் ஜூனியர் பசங்க அலறி ஓடுவார்கள். எனக்கு நானே வைத்துக்கொண்ட பட்டம், கைராசிக்காரன்.

சிதம்பரத்தில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை மாட்டினார். பிளேட் உடைந்திருந்தது. எலும்பு இரண்டு துண்டாக, நடுவில் இடைவெளி.

"வலி இல்லன்னா ஆறிடுச்சுன்னு நெனச்சியா தம்பி? உள்ள சீழ் புடிச்சி எலும்போட ஓரமெல்லாம் செத்துப்போச்சு. நீ ஆட்ட ஆட்ட அங்க ஒரு பொய் மூட்டே உண்டாயிடுச்சு."

அம்மா மெதுவாகக் கேட்டாள், "கை இருக்குமா சார்?"

டாக்டர் மறுபடி எக்ஸ்ரே பக்கம் திரும்பினார். அந்த அஞ்சு செகண்டில் என் வாயில் ஒரு ஜோக்கும் வரவில்லை.

"செத்தத வெட்டி எடுக்கணும். கை கொஞ்சம் குட்டையாவும். சீழ் அடங்கினாத்தான் எலும்பு சேரும். பாப்போம்."

பிளேட்டைக் கழற்றி, மருந்து கலந்த சிமெண்ட் உருண்டைகளை உள்ளே வைத்தார்கள். சீழ் நின்ற பிறகு இன்னொரு ஆபரேஷன். எலும்பு முனைகளை நெருக்கி, கைக்கு வெளியே கம்பிச் சட்டம். ஏழு மாதம் அதோடுதான் திரிந்தேன்.

"சிக்னல் கெடைக்குதாடா?" என்பான் ரியாஸ், கம்பியை ஆன்டெனா போலப் பார்த்து.

எலும்பு சேர்ந்துவிட்டது.

இப்போது காலேஜ். இடது கை இரண்டு விரல் அகலம் குட்டை. கம்பி போன தழும்புகளைப் பற்றிக் கேட்பவர்களிடம் கொள்ளிடத்தில் முதலை கடித்தது என்கிறேன். அங்கே நிஜமாகவே முதலை உண்டு; சிதம்பரத்தில் அதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அப்போதெல்லாம் கண் விழித்ததும் இன்றைக்கு யாரை ஏமாற்றலாம் என்றுதான் யோசிப்பேன். இப்போது பல் விளக்குவதற்கு முன்னால் இடது கையைத் தொட்டுப் பார்க்கிறேன், மறுபடி சீழ் பிடித்துச் சுடுகிறதா என்று.

சில்லென்று இருந்தால்தான்... அன்றைக்கு எனக்கு வாயே திறக்கிறது.