சொத்தைப் பல்லும் ரெண்டு விசிலும்

என் மனைவியின் அண்ணன் வாயில் எத்தனை பல் மிச்சம் என்று கேட்டால், மனிதர் நாக்கால் தடவிப் பார்த்துத்தான் சொல்வார். போன பற்களைப் பற்றிக் கேட்டால் மட்டும் தயக்கமே கிடையாது. "கடைவாய்ப் பல்லா? சந்தை ஸ்டாப்ல வலிக்க ஆரம்பிச்சுது மாப்ள, பாலம் வர்றதுக்குள்ள உயிரை எடுத்துடுச்சு" என்பார். மச்சான் கண்டக்டர், நான் அதே பஸ்ஸின் டிரைவர். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து எங்களுக்கு ஒரே தடம். அவர் கத்துவார், நான் ஓட்டுவேன்.

கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோகும் என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் இடது கன்னத்தில் ஒரு மிட்டாயை ஒதுக்கிக்கொண்டார். அது கரைந்ததும் இன்னொன்று. அன்று தொடங்கிய பழக்கம், தலை நரைத்தும் விடவில்லை. சொத்தையும் அவரை விடவில்லை. வாலிபத்தில் ஒன்றை அடைத்தார்கள், கல்யாணமானதும் ஒன்றைப் பிடுங்கினார்கள், அப்பாவானபோது ஒன்றுக்கு உலோகத் தொப்பி போட்டார்கள். ஒவ்வொரு முறையும் கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு, "இதோட சரி மாப்ள. வயசானா சொத்தை வராதாம். அதெல்லாம் சின்னப் பசங்களுக்கு வர்றது" என்று எனக்கு ஆறுதல் சொல்வார். எனக்கு எதற்கு ஆறுதல் என்று இன்றுவரை புரியவில்லை.

அவ்வளவு பல் போயும் மனிதர் கவலைப்படாததற்குக் காரணம், மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் அப்படியே நின்றதுதான். அவருடைய விசில் அங்கேதான் பிறந்தது. நாக்கை அந்தப் பற்களில் ஒட்டி ஊதினார் என்றால் பின்சீட்டில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். ஒரு விசில் என்றால் நிறுத்து, ரெண்டு விசில் என்றால் எடு. வண்டியில் மணி இருக்கிறது. அதை அவர் தொட்டதே இல்லை. எனக்கும் அந்த ரெண்டு விசில் காதில் விழாவிட்டால் கால் ஆக்சிலேட்டருக்குப் போகாது.

அந்த முன்பல் ஒன்றின் அடியில், ஈறு ஓரமாக, கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. மச்சான் தண்ணீர் குடிக்கும்போது துள்ளினார். டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"அதைத் தொட்டா விசில் போயிடும் மாப்ள. இருக்கிறபடி இருக்கட்டும்."

"தொடாம விட்டா பல்லே போயிடும் மச்சான்."

"போறப்போ பார்த்துக்கலாம்."

விசிலைக் காப்பாற்றுகிறேன் என்று, விசில் அடிக்கும் பல்லை அழுகவிட்ட புத்திசாலி உலகத்திலேயே இவர் ஒருவர்தான். வயிற்றெரிச்சலில் விஷயத்தை வீட்டில் போட்டு உடைத்தேன். மறுநாள் காலை என் மனைவி பஸ்ஸில் ஏறி முன்சீட்டில் சட்டமாக உட்கார்ந்தாள்.

"டிக்கெட் எடும்மா" என்றார் அண்ணன்.

"எடுக்க மாட்டேன்."

"சரி, நான் எடுக்கிறேன்."

"எடுத்தா கிழிச்சுப் போடுவேன். நீ டாக்டர்கிட்ட வர்ற வரைக்கும் ஓசிலதான் சுத்துவேன்."

டிக்கெட் இல்லாதவரைப் பார்த்தாலே மச்சானுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். ஒரு நடை போய்த் திரும்பினோம். அவள் இறங்கவில்லை. பயணிகள் வேறு, "நியாயம் எல்லாருக்கும் ஒண்ணுதானே கண்டக்டர்?" என்று ஏற்றிவிட்டார்கள்.

"செக்கிங் வந்தா என் மானமே போயிடும் தாயே!"

"பல்லு போறதுக்குப் பதிலா மானம் போகட்டும்ண்ணா."

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் மச்சான் டிக்கெட் மெஷினைக் கழற்றி என் மடியில் வைத்தார். பஸ் நிலையத்துக்கு எதிரிலேயே பல் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "வயசானா வராதுன்னு யார் சொன்னா? ஈறு விலகி வேர் வெளிய வந்துடுச்சு. பல்லை விட வேர்ல சீக்கிரம் சொத்தை பிடிக்கும். நீங்க நாள் பூரா மிட்டாய் வேற ஊட்டி வளர்த்திருக்கீங்க. நல்லவேளை, அடைச்சா நிக்கும்" என்றார்.

ஊசி போட்டு, குடைந்து, அடைத்து அனுப்பினார்கள். வெளியே வந்ததும் மச்சான் செய்த முதல் காரியம், நாக்கை ஒட்டி ஊதியது. புஸ்ஸென்று வெறும் காற்று வந்தது. இன்னொரு முறை ஊதினார். எச்சில்தான் தெறித்தது. அவர் முகம் தொங்கிப்போனது. நடுரோட்டில், அவ்வளவு பெரிய மனிதர், பொலபொலவென்று அழுதார்.

"போச்சு மாப்ள... நான் அப்பவே சொன்னேன்ல..."

என் மனைவி அவர் மேலுதட்டைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள். "வலிக்குதா?"

"இல்லையே."

"உதடு மரத்துக் கிடக்கு. அதுல விசில் எப்படிண்ணா வரும்?"

அழுகை பாதியில் நின்றது. நாங்கள் மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரிப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. மீதி நேரத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் போனார். மாற்று ஆள் வந்து மணி அடித்தார். நான் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தாமதமாகத்தான் வண்டியை எடுத்தேன்.

ராத்திரி போன் போட்டுக் கேட்கப் பயம். உதடு சரியாகியும் விசில் வராமல் போயிருந்தால் என்ன சொல்லித் தேற்றுவது? காலையில் மச்சான் வந்தார். கன்னத்தில் மிட்டாய் இல்லை, தோளில் தண்ணீர் பாட்டில் தொங்கியது. வாயைத் திறக்காமல் பின்னால் போய் ஏறினார். கடைசிப் பயணி ஏறியதும் பஸ் முழுக்க அவர் பக்கம் திரும்பிப் பார்த்தது. எல்லோருக்கும் கதை தெரிந்திருந்தது.

வந்தது பாருங்கள், ரெண்டு விசில்! கண்ணாடி அதிர்ந்தது. முன்சீட்டுக் குழந்தை காதைப் பொத்தியது.

நான் வண்டியை எடுக்கவில்லை. மறுபடியும் ரெண்டு விசில். அப்போதும் எடுக்கவில்லை.

"என்ன மாப்ள, காது கேக்கலையா?"

"கேட்டுச்சு மச்சான்" என்றேன். "இன்னொரு வாட்டி அடிங்க."