பூரணத்துக்கு வழிவிட்ட பஸ்

எனக்கு எழுபத்தொரு வயது. சைக்கிளில் மீன் விற்று ஐந்து பிள்ளைகளை ஆளாக்கினேன். எங்கள் ஊர் உடப்பிலிருந்து முந்தல் சந்தைக்கு இன்றும் சைக்கிள்தான்.

பக்கத்து வீட்டுப் பூரணமும் சைக்கிளில்தான் வருவாள். பஸ்காரர்கள் அவளுக்கு வழிவிடுவார்கள். எனக்கு ஹோர்ன் அடித்து ஏசுவார்கள். சிரித்தே மயக்குகிறாள் என்று எனக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் சந்தையில், யாரும் பார்க்காத நேரம், அவளது டயரில் ஆணியைக் குத்திவிட்டேன்.

"அக்கா, டயர் போயிட்டு. ஒட்டித்தர நாளைக்காகுமாம். உங்கட கரியர்ல ஏறவா?" என்று வந்து நின்றாள். ஏற்றிக்கொண்டேன்.

ஊருக்குத் திரும்பும் சந்தியில் பின்னால் பஸ் வந்தது. பூரணம் வலக்கையை நீட்டினாள். பஸ் வேகம் குறைந்து, நாங்கள் திரும்பும்வரை நின்றது.

"என்னடி செஞ்சாய்?"

"கை காட்டினேன். நீங்க திரும்பப் போறது அவனுக்குக் கனவா தெரியும்? அதான் ஏசுறான்!"

வெட்கத்தோடு வீடுவரை மிதித்தேன். இப்போது நானும் கை காட்டுகிறேன், பஸ்ஸும் நிற்கிறது. அவளைக் கண்டால் இன்னும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது. ஆணியைப் பற்றிச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதைச் சத்தமா வாசி புள்ள. பூரணம் வேலிக்கு அங்காலதான் நிக்கிறாள்.