பத்தாவதாக வைத்தது

எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனபோது என் மனைவியைத் தேர்தலில் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவளை யாரும் கேட்கவில்லை. சுவரொட்டியில் என் படம் பெரிது, அவள் படம் சிறிது. முப்பத்தேழு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

பிறகு பல ஊர்களில் நடப்பதுதான் இங்கும் நடந்தது. கூட்டத்துக்கு நான் போவேன். தலைவர் நாற்காலியில் உட்காருவேன். மறுநாள் செயலர் தீர்மானப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார். அவள் அடுப்படியிலிருந்து வந்து, ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவாள். ஆறு மாதம், ஆறு கையெழுத்து. நான் முப்பத்திரண்டு வருடம் கணக்கு வாத்தியார், அவள் எட்டாவது. எனக்கு அதில் உறுத்தல் எதுவும் இல்லை.

ஏழாவது மாதம் கீழத்தெருப் பெண்கள் ஐந்து பேர் அவளைத் தேடி வந்தார்கள். திருமங்கலத்திலிருந்து வரும் மாலை டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்களாம். கல்லூரிக்குப் போகும் பெண்பிள்ளைகள் பதினொரு பேர், மெயின் ரோட்டில் இறங்கி இருட்டில் நடந்து வருகிறார்கள்.

"எம் மக ரெண்டாவது வருசம் தாயி," என்றாள் ஒருத்தி. "இந்த மாசம் பாப்பேன், இல்லைன்னா மாப்பிள்ளை பாத்துருவேன்னு நிக்கிறாரு அவ அப்பா."

"சார் கூட்டத்துல சொல்லிருவாக," என்று என் மனைவி என்னைக் காட்டினாள்.

கூட்டத்துக்குப் பேச வேண்டியவற்றை எண் போட்டு எழுதிக்கொண்டு போனேன். பஸ் பத்தாவது. ஒன்பதாவதான குடிநீர்த் தொட்டிச் சண்டையிலேயே மணி ஒன்றரை. பசி வேறு. பஸ் நம் அதிகாரத்திலா இருக்கிறது, அடுத்த மாதம் பார்ப்போம் என்று தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

மறுநாள் செயலர் புத்தகத்தை நீட்டினார். அவள் நின்றபடியே பக்கத்தைப் புரட்டினாள்.

"எல்லாம் சரியா இருக்குக்கா. அடியில போடுங்க," என்றார் அவர்.

"இதுல பஸ்ஸு எங்க?"

செயலர் என்னைப் பார்த்தார். நான் அவளைக் கேட்டேன், "இம்புட்டு நாளும் படிச்சுத்தான் போட்டியா?"

"ஆறு தடவையும் படிச்சேன்."

"நேரம் பத்தல. அடுத்த மாசம் சொல்லிக்கலாம்."

"அவுக சொன்னது எங்கிட்ட." பேனாவை மூடி அவர் கையில் கொடுத்தாள். "அடுத்த கூட்டத்துக்கு நான் போறேன். நீங்க வர வேணாம்."

ஆனாலும் போனேன். உள்ளே எனக்கு நாற்காலி இல்லை. வெளியே புங்கமரத்தடியில் இன்னொரு உறுப்பினரின் கணவர் பைக்கில் சாய்ந்திருந்தார்.

"என்ன வாத்தியாரே, வெளிநடப்பா?" என்றார். "உங்க வீட்டுல பாத்து எங்க வீட்டுலயும் கெளம்பிட்டா. வாங்க, டீ குடிப்போம்."

நான் போகவில்லை. ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது. முதல் விஷயமாகப் பஸ்ஸைத்தான் எடுத்தாள்.

தீர்மானத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்களோடு டிப்போவுக்கும் கலெக்டர் ஆபீசுக்குமாக அலைந்தாள். ஒரே மாதத்தில் பதினாறு நாள். மூடி வைத்த சோற்றை நானே போட்டுத் தின்றேன். இரண்டு தட்டு எடுத்து ஒன்றைத் திரும்ப வைத்த நாளும் உண்டு. வந்ததும் குளித்துவிட்டுப் படுத்துவிடுவாள். என்ன நடந்தது என்று நான் கேட்டால், "ஆகும்" என்பாள்.

ஆறாவது வாரம் பஸ் வந்தது. முதல் நாள் மாலை நிறுத்தத்துக்குப் போய் நின்று எண்ணினேன். பத்துப் பேர் இறங்கினார்கள். பஸ் கிளம்பிய பிறகும் இன்னொரு முறை எண்ணிப் பார்த்தேன்.

"பத்துப் பேர்தான் வந்தாங்க," என்றேன் வீட்டுக்கு வந்து.

"அந்தப் புள்ளைக்குப் போன வாரம் கல்யாணம். போயிட்டு வந்தேன்."

என்னிடம் சொல்லவே இல்லை. எனக்குக் கணக்கு ஓடியது. ஒரு மாதம் முன்னால் பஸ் வந்திருந்தால், கல்யாணத்துக்கு மூன்று வாரம் முந்தியிருக்கும்.

"நான் அன்னைக்குக் கூட்டத்துல சொல்லியிருந்தா இந்தக் கல்யாணம் நின்னுருக்குமோ?"

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"நின்னுருக்கும்," என்றாள். அடுத்த கூட்டத்துக்கான தாள்களை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய் விளக்கைப் போட்டாள்.