ராத்தாவின் முன்பல்

மூத்தவளான உங்கள் ராத்தா சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்துவதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் பகிடி பண்ணுகிறீர்கள். நீங்கள் பிறக்கும் முன் நடந்ததை எழுதி வைக்கிறேன், வாசியுங்கள்.

யுத்தம் முடிந்து, திரும்பவும் சொந்த ஊர் மன்னாருக்குப் போவதா, அகதியாக வந்து தங்கிய மதுரங்குளியிலேயே இருப்பதா என்று நானும் உங்கள் உம்மாவும் கதைத்துக்கொண்டிருந்த காலம். ராத்தாவுக்கு எட்டு வயது. குழாய்க் கிணற்றில் தண்ணீர் அடிக்கையில் கை வழுக்கி, இரும்புப் பிடி எகிறி முன்பல்லை உடைத்துவிட்டது.

"அழாதீங்க உம்மா. மத்தப் பல்லெல்லாம் விழுந்து முளைச்சதுதானே" என்று அவள்தான் உம்மாவுக்கு ஆறுதல் சொன்னாள். உடைந்ததே விழுந்து முளைத்த பல், இனி முளைக்காது. அதைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

சில கிழமைகளில் பல்லைச் சுற்றி முரசுச் சதை வீங்கிச் சீழ் வைத்தது. கொழும்புக்குக் கூட்டிப் போனேன். சிங்கள டொக்டர், தமிழ் கொஞ்சம் தெரியும். எக்ஸ்ரே படத்தைக் காட்டினார்.

"வேர் இன்னும் வளந்து முடியல்ல. வேர்ச் சுவர் கடதாசி மாதிரி மெல்லிசு. உள்ள சுரண்டிக் கழுவினா உடையும். புடுங்கினா, பெரிய ஆளா வாற வரைக்கும் கழட்டிப் போடுற பல்லுதான்."

அப்போதுதான் ராத்தாவுக்கும் விளங்கியது. 

அதிகம் சுரண்டாமல் கிருமியைக் கொல்லப் பார்த்தார் டொக்டர். பல்லுக்குள் நீலச் சாயம் விட்டார். சாயம் கிருமியில் ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் சிவப்பு வெளிச்சம் பட்டால் கிருமி செத்துவிடும் என்றார். எங்கள் கண்ணுக்கும் கண்ணாடி மாட்டிவிட்டார். வெளிச்சம் தும்பு போன்ற மெல்லிய குழாயின் நுனியில் இருந்தது. அவள் என் விரலைப் பிடித்தபடி அசையாமல் கிடந்தாள்.

எழும்பியதும் முகம் பார்க்கும் கண்ணாடியில் நீலம் பட்ட உதட்டைப் பார்த்தாள். "வாப்பா, நான் நாவற்பழம் திண்டவ மாதிரியா?"

"ஓம், களவாத் திண்டவ மாதிரி."

டொக்டரும் சிரித்துவிட்டார்.

சீழ் திரும்பி வரவில்லை. அடுத்த தடவை போனபோது அவர் எங்களைவிடச் சந்தோஷப்பட்டார். மற்ற டொக்டர்மாரைக் கூப்பிட்டு, "இவ என்ட கெட்டிக்காரி" என்று காட்டினார். பல்லை அடைத்து, கடினமானதைக் கடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

கிருமி செத்தது உண்மைதான். சுவர்தான் மெல்லியதாகவே இருந்துவிட்டது. அடுத்த வருடம் ஒரு காலை, பாண் துண்டின் ஓரத்தைக் கடித்தபோது பல் முரசு மட்டத்தோடு முறிந்தது.

அவள் அழவில்லை. பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"டொக்டர்கிட்டச் சொல்லாதீங்க வாப்பா. அவரு பாவம், கவலைப்படுவாரு."

வேரை எடுக்க அவரிடம்தான் போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் வழி முழுக்க, அவருக்கு என்ன சொல்வது என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். வாயைக் கையால் பொத்தியபடிதான் கேட்டாள்.