போர்ட் வேலை

என் வீட்டுக்காரர் நிலவனைப் பற்றி வியாசர்பாடியில் யாரைக் கேட்டாலும், "தங்கமான புள்ள" என்பார்கள். சொல்லுகிற யாரும் அவரோடு குடித்தனம் நடத்தவில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எந்தப் பெட்டி எந்த வரிசையில் நிற்கிறது என்று தட்டிக்கொண்டிருக்கிற வேலை. 2008-ல் அந்த ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்தபோது, வயிறு பெருத்த நீலநிற ஆப்பிள் கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஹவுசிங் போர்டு வீட்டில் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு ஸ்டூல். அது அன்றோடு கம்ப்யூட்டருக்குப் போயிற்று.

அவர் தங்கை ரமாபாய் மஸ்கட்டில் நர்ஸ். அந்த வருஷம்தான் அவளுக்குத் தலைப்பிள்ளை, ஆண் குழந்தை. பேரன் முகத்தைக் காட்டு காட்டு என்று என் மாமியார் பூவம்மா போனில் நச்சரித்ததில், ரமா ஒரே ஒரு போட்டோவை இன்டர்நெட்டில் ஏற்றினாள். எங்கள் கம்ப்யூட்டரில் அது திறக்கவில்லை. பிரவுசர் பழசு, புதுசு போடு என்று ஒரு வரி வந்தது. புதுசு போடவும் வழியில்லை. உள்ளே இருக்கிற பிராசசர் வேறு வகையாம். அதற்கு இனிமேல் பிரவுசர் கிடையாது என்று செய்கிறவர்களே கைகழுவிவிட்டார்களாம்.

தெருமுனையில் பிரவுசிங் சென்டர் இருக்கிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் வேலை முடிந்தது. நான் சொன்னேன். கேட்டால்தானே?

"வூட்ல கம்ப்யூட்டர வெச்சிகினு எங்கம்மா இன்னாத்துக்கு ஷாலு கட கடயா ஏறணும்? பிரவுசர் கோடு எல்லாத்தயும் சும்மாவே குடுக்கறாங்க. நானே இதுக்கு போர்ட் பண்றேன்."

போர்ட் பண்ணுவது என்றால் ஒரு பிராசசருக்கு எழுதியதை இன்னொன்றில் ஓடுகிற மாதிரி மாற்றுவதாம். மாமியார் காதில் விழுந்தது 'போர்ட்' மட்டும்தான். மறுநாள் குழாயடியில், "எம்புள்ளைக்கு போர்ட் டிரஸ்ட்ல வேல" என்று சொல்லிவிட்டார். துறைமுகத்தில் சர்க்கார் வேலை என்று எதிர்வீட்டு கோவிந்தம்மா ஸ்வீட் கேட்டு வந்து நின்றார். தன் மகனுக்கும் அங்கே ஒரு வார்த்தை சொல்லி வைக்கச் சொன்னார். நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

கம்பைல் என்று ஒன்று. எழுதி வைத்ததையெல்லாம் கம்ப்யூட்டர் மென்று விழுங்குகிற வேலை. நாள் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். முடியப்போகிற நேரம் பார்த்துக் கரண்ட் போகும். மறுபடி முதலிலிருந்து. "மிக்ஸி போடாத, ஃபியூஸ் பூடும்" என்று உத்தரவு வேறு. அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் இட்லிக்குச் சட்னி கிடையாது, பொடிதான்.

பொறுக்க முடியாமல் ஒருநாள், "வாங்க அத்தே, நான் காட்டறேன்" என்று செருப்பைக்கூட எடுத்து வைத்துவிட்டேன். "வேணாம்மா, அவன் மனசு நொந்துக்கும். எம்புள்ள காட்டுவான்" என்று உட்கார்ந்துவிட்டார். தாயும் பிள்ளையும் ஒரே அச்சு.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டோ திறந்தது. ரமா மடியில் குழந்தை. உச்சி முதல் பாதம் வரை நீலம்.

மாமியார் அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு ஆயாவாக இருந்து ரிட்டயர் ஆனவர். குழந்தை நீலம் பூத்தால் என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். "ஐயோ, கொயந்த நீலமா கீதேடா! நெஞ்சுல ஓட்ட கீதுடா!" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அய்ய, ரமாவப் பாரு, அவ மூஞ்சியும் நீலம். நாம எட்த்துக் குட்த்த செவப்புப் பொடவ கூட நீலமாகீது. கலரு மாறிப்பூட்ச்சும்மா" என்று இவர் சிரித்தார். "நம்ம கதவுல பயய நம்பர், புது நம்பர் ரெண்டும் போட்டுகீறான்ல? எத மொதல்ல படிக்கறதுன்னு தெரியாம கூரியர்காரன் வேற வூட்ல குட்த்துட்டு போறான்ல? அதே கததான். இந்த பிராசசரு கலரு நம்பர கடைசிலேர்ந்து படிக்குது. செவப்புக்குப் போவ வேண்டியது நீலத்துக்குப் பூட்ச்சு, நீலத்துக்குப் போவ வேண்டியது செவப்புக்குப் பூட்ச்சு."

மாமியாருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. போட்டோவில் குழந்தையின் உதடும் நகமும் மட்டும் செக்கச்செவேலென்று இருந்ததை யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு இவர் அதைச் சரிசெய்துவிட்டார். புடவை சிவப்பாயிற்று. ரமா முகம் ரமா முகமாயிற்று. இத்தனை நாள் திட்டிக்கொண்டிருந்த நானே கைதட்டினேன். மாமியார் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே போனார். திரையில் குழந்தையின் உதட்டின்மேல் விரலை வைத்தார். பிறகு நகத்தின்மேல்.

"இதயும் மாத்துடா."

"எல்லாம் மாத்திட்டேம்மா. இனிமே கலரு கரீட்டு."

"ஒதடு நீலமாகீது. நெகமும் நீலமாகீது. மாத்துடா நைனா."

மாமியார் செல்போனை எடுத்து என்னிடம் நீட்டி நம்பர் போடச் சொன்னார். "ரமா, டாக்டரு இன்னா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டார். அதுவரை நல்லாகீறான் நல்லாகீறான் என்றே சொல்லிக்கொண்டிருந்தவள், ஓவென்று அழுதது எனக்கே கேட்டது. இதயத்தில் ஓட்டை. சீக்கிரம் ஆபரேஷன் செய்யவேண்டுமாம். வயசானவள் பயந்துவிடுவாள் என்று மறைத்திருக்கிறாள்.

"அயுவாத. கெளம்பி வா. நான் கீறேன்" என்று போனை வைத்தார். பிறகு மகன் பக்கம் திரும்பினார்.

"கட கடயா ஏறியிருந்தா போன மாசமே பாத்துருப்பேனேடா."

ஒரு மாதமாக நான் சேர்த்து வைத்திருந்த பேச்சு எவ்வளவோ. இவர் முகத்தைப் பார்த்து அத்தனையையும் விட்டுவிட்டேன். இவர் சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலைக் காலிசெய்து அம்மாவுக்குப் போட்டார்.

ரமா அந்த வாரமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, குழந்தையைப் பார்க்க ஆஸ்பத்திரியில் எங்களை உள்ளே விட்டார்கள். இவர் வாசலிலேயே நின்றார். மாமியார் குனிந்து முதலில் உதட்டைத்தான் பார்த்தார், பிறகு ஒவ்வொரு நகமாக. அப்புறம் வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"மாறிட்ச்சுடா நைனா. வந்து பாரு."