தாடையில் வளர்ந்த எலும்பு

ஏற்காடு பஜாரில் நானும் கணவரும் மிளகு, காபித்தூள் கடை வைத்திருக்கிறோம். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் பல வருடம் அப்படியே விட்டதில் அந்த இடத்து எலும்பு கரைந்துவிட்டது. எலும்புத் துகள் வைத்து அதை வளர்த்த பிறகுதான் புதுப் பல் பொருத்த முடியும் என்றார் சேலத்துப் பல் டாக்டர். "சுகர் இருக்குங்களா?" என்று அவர் கேட்டபோது, சிகிச்சை தள்ளிப்போகுமே என்று பயந்து இல்லையென்று சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க டாக்டர், இவளுக்கு சுகர் நொம்ப இருக்குதுங்க!" என்று கூட வந்திருந்த கணவர் போட்டு உடைத்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"நல்லவேளை சொன்னீங்க. தெரியாம வெச்சிருந்தா புண்ணு ஆறாம சீழ் புடிச்சிருக்குமுங்க" என்றார் டாக்டர்.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே துகளை வைத்தார்கள். சில மாதங்களில் எக்ஸ்ரேயில் பள்ளம் நிரம்பி எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது! இன்று புதுப் பல்லால் பேரிக்காயை நறுக்கென்று கடிக்கிறேன். இப்போது எந்த டாக்டரிடம் போனாலும், உட்காரும் முன்பே சொல்லிவிடுகிறேன்: "எனக்கு சுகர் இருக்குதுங்க."